இல்லாத தம்பியின் வேலை போன கதை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் நாத்தனாருடையது. ஒரு சனிக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம். அதுவரை சாப்பாட்டு வேளையில் துண்டு துண்டாகக் காதில் விழுந்ததை அவள் பேச்சோடு பேச்சாக முழுதும் சொன்னாள். பாதியில் நான் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே போட்டுவிட்டேன். முடித்ததும், "இதை நான் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். அச்சுக்கு அனுப்பும் முன் தன்னிடம் காட்ட வேண்டும்.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். அவர்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொன்ன பிறகுதான் வெளியே விடுவார்கள். என் கதையையும் அப்படியே பார்த்தாள். அவள் சொன்ன குறைகளைச் சதுர அடைப்புக்குள் விட்டுவைத்திருக்கிறேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்றுதான்.

[நாத்தனார்: சண்டை போட்டது நீங்க, அண்ணி. நான் திருத்தம்தான் சொன்னேன்.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு முதியவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை."

[நாத்தனார்: அவரை நீங்க பாத்தீங்களா? நானே பாக்கல. அந்த ஊரை எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட பாத்ததில்ல. பிரச்சனையே அதுதான்.]

சரி என்று அடித்துவிட்டேன். கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று அடுத்ததை ஆரம்பித்தேன்:

"உலகமயமாதல் என்னும் பெருநிகழ்வு, மனித உழைப்பை அதன் பயனாளியின் கண்ணிலிருந்து அகற்றி, எல்லைகளுக்கு அப்பால்..."

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாவது இது:

"தம்பியை வேலையைவிட்டு அனுப்பிய அன்று அலுவலகத்தில் யாரும் அழவில்லை. தம்பி என்று ஒருவன் அங்கே இல்லவே இல்லை."

இதற்கு நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது பெரிய பாராட்டு. இங்கிருந்தே போகிறேன்.

3

தம்பியிடம் வருவதற்கு முன் ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாத்தனார் வேலை பார்ப்பது ஒரு மெத்தைக் கடையின் மாடியில். சின்னக் கம்பெனி. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை வைத்துச் செய்தால் கட்டுபடியாகாத மென்பொருள் வேலையை இவர்களிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். நாத்தனார் அங்கே எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி. அந்தக் குழுவுக்கு அப்போது இருந்தது ஒரே வாடிக்கையாளர். வீட்டோடு முடங்கிக் கிடப்பவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் ஊசி போடவும் வீடு வீடாக நர்ஸ்களை அனுப்பும் ஒரு கம்பெனி. அந்த நர்ஸின் போனில், அடுத்து எந்த வீடு என்று காட்டும் மென்பொருளைத்தான் மெத்தைக் கடை மாடியில் எழுதினார்கள்.

என்ன எழுத வேண்டும் என்பதை வாடிக்கையாளர் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார். அதற்கு ஸ்பெக் என்று பெயர். அதில் ஒரு வரி: நர்ஸ் மணியடித்து ஐந்து நிமிடத்துக்குள் கதவு திறக்காவிட்டால் "ஆள் இல்லை" என்று பதிவாகி, போன் தானாக அடுத்த வீட்டைக் காட்ட வேண்டும்.

நாத்தனார் அந்த வரியில் நின்றுவிட்டாள். அதற்கு முந்தைய வருடம் அவளே வழுக்கி விழுந்து காலில் கட்டோடு வீட்டில் கிடந்தாள். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் யாராவது மணியடித்தால், அவள் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து, கூடத்தைத் தாண்டிக் கதவுக்கு வருவதற்குள் வந்தவர் தெரு முனைக்குப் போயிருப்பார். அதனால் ஒரு கேள்வி எழுதினாள். கதவுக்கு வர நேரமாகும் ஆட்களை என்ன செய்வது?

அந்தக் கேள்வி மெத்தைக் கடையின் மாடிப்படியைக்கூடத் தாண்டவில்லை. வாடிக்கையாளரோடு பேசும் பொறுப்பு மேலாளர் ஒருவருடையது. எல்லாக் கேள்வியும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"இதையெல்லாம் கேட்டா நமக்கு வேலை தெரியலன்னு நெனைப்பாங்கம்மா. கேள்வி கேக்காத டீம்னுதான் நம்மகிட்ட வந்திருக்காங்க. எழுதியிருக்கறத செஞ்சு குடு, போதும்."

செய்து கொடுத்தாள். பாவம், வேறு என்னதான் செய்ய முடியும்...

[நாத்தனார்: இந்தப் 'பாவம்' வேண்டாம். ரெண்டாவது தடவ கேட்டிருக்கலாம். கேக்கல. அவ்வளவுதான்.]

4

அந்த மேலாளருக்கு அலுவலகத்தில் 'சமாதானம்' என்று பெயர். பெற்றோர் வைத்தது இல்லை. வாடிக்கையாளர் எப்படிக் கத்தினாலும் அரை மணியில் சிரிக்க வைத்துவிடுவார். அவர் குரல் அப்படி. தூக்கம் வராத குழந்தையை அவரிடம் கொடுக்கலாம்.

ஆனால் குரல் மட்டும் போதாத சமயங்கள் உண்டு. தவறு நடந்தால், அது சரியாகிவிட்டது என்று தெரிந்தாலும் மனிதர்களுக்கு மனசு ஆறாது. யாரோ ஒருவர் அதற்காகக் கஷ்டப்பட்டார் என்று தெரிந்தால்தான் ஆறும். வெளிநாட்டுக்காரர்களை மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், அடுப்பை அணைப்பதற்கு முன்னாலேயே யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று விசாரணை தொடங்கிவிடும்.

அதற்காகச் சமாதானம் உண்டாக்கி வைத்திருந்த ஆள்தான் தம்பி. வாடிக்கையாளர் ரொம்பக் கோபப்பட்டால், "அந்தப் பகுதியை எழுதியவரை நீக்கிவிட்டோம்" என்பார். இப்படி, இதற்கு முன் இருந்த மூன்று வாடிக்கையாளர்களுக்காகத் தம்பி நீக்கப்பட்டிருக்கிறான். ஒருமுறை அவனுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வேலையில் கவனம் இல்லை. இன்னொரு முறை அவன் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. நீக்கிய மறுநாள், "தம்பி எப்படி இருக்கான்?" என்று குழுவில் யாராவது கேட்பார்கள். "வேற வேலை தேடறான், பாவம்" என்று இன்னொருவர் பதில் சொல்வார்.

இதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. நான் எத்தனையோ வருடமாக மனிதர்களை உண்டாக்கி எழுதுகிறேன். ஒருவரும் அவர்களை இப்படி நம்பியதில்லை. என் பாத்திரத்துக்கு ஆபரேஷன் என்று எழுதினால், "இது தேவையா?" என்று கேட்கிறார்கள்.*

* இப்படிக் கேட்டவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். இந்தக் கதையும் அவரிடம்தான் போகிறது. படிக்கட்டும்.

5

மென்பொருள் ஓட ஆரம்பித்துச் சில வாரங்களில் புகார் வந்தது. ஒரு வீட்டில் ஓர் அம்மாவுக்குக் காலில் ஆறாத புண். நர்ஸ் மூன்று முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் அந்த அம்மா எழுந்து வருவதற்குள் ஐந்து நிமிடம் முடிந்து போன் அடுத்த வீட்டைக் காட்டிவிட்டது. புண் முற்றி அந்த அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

உடனே ஒரு மன்னிப்புக் கூட்டம். அங்கே காலை, இங்கே சாயங்காலம். திரையில் வாடிக்கையாளர் கம்பெனியின் பெரிய அதிகாரி. அவர் பக்கத்தில், ஸ்பெக் எழுதி அனுப்பிய பெண். அதிகாரி கத்தி முடித்ததும் சமாதானம் தன் குரலை எடுத்தார். தங்கள் பொறியாளர் ஒருவர் அந்த ஐந்து நிமிடத்தை யோசிக்காமல் போட்டுவிட்டார், அதைப் பதினைந்தாக மாற்றியாயிற்று, அவரை இன்று காலை வேலையைவிட்டே அனுப்பியாயிற்று என்றார். அதிகாரி தலையாட்டினார். பக்கத்தில் இருந்த பெண் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம் என்று எழுதியதே அவர்தான். அதிகாரி முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவர் சமாதானத்தைத் தனியாகக் கூப்பிட்டார். அழுதாராம். என் தவறுக்காக எங்கோ ஒருவர் வேலையை இழந்துவிட்டார், நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்றாராம். அடுத்த வாரம் நான் மட்டும் பேசுகிறேன், அந்த மனிதரை எப்படியாவது கூட்டி வாருங்கள், அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாராம்.

சமாதானம் வாழ்க்கையில் முதல் முறையாக யோசிக்காமல், சரி என்று சொல்லிவிட்டார்.

6

இப்போது ஒரு தம்பி தேவை. குழுவில் உள்ள முகங்கள் எல்லாம் அந்தப் பெண் திரையில் பார்த்தவை. சமாதானம் யோசித்து யோசித்து நாத்தனாரிடம் வந்தார்.

"ஏம்மா, உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் சோகமான முகம்தானே?"

அவள் அண்ணன் என்றால் என் கணவர். கண்ணாடிக் கடையில் வேலை. அவர் முகத்தைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். அன்று இரவு சாப்பிடும்போது நாத்தனார் கோபத்தோடு இதைச் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "ஒரு தடவதானே? அவங்க மன்னிப்புக் கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். அவ்வளவுதானே? எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?" என்றார்.

"அண்ணா! அவங்க நெஜமா அழுறாங்க."

"அதான் சொல்றேன். ஒருத்தர் போய் பரவாயில்லன்னு சொன்னா அழுகை நின்னுடும்ல."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காட்சி கண் முன்னால் விரிந்துவிட்டது. சாம்பல் சட்டையில் என் கணவர், கேமரா முன்னால், இல்லாத வேலை போன சோகத்தோடு... கதை எழுதும்போது அதை இரண்டு பக்கத்துக்கு விரித்தேன். இந்தக் கதையில் நான் எழுதியதிலேயே நல்ல பகுதி அது.

[நாத்தனார்: நடக்கல. எடுத்துடுங்க.]

எடுத்துவிட்டேன். அவள் மறுநாள் சமாதானத்திடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். தான் வந்து பேசுவதாகவும், தம்பி என்று யாரும் இல்லை என்று சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

7

முதல் வரைவில் சமாதானம் வில்லன். வழுக்கைத் தலை, தங்க மோதிரம், எல்லாம் கொடுத்திருந்தேன்.

[நாத்தனார்: அவருக்கு நல்லா முடி இருக்கு. மோதிரமே போடமாட்டார். அவர் என்ன சொன்னார்னு நான் உங்ககிட்ட சொன்னேன்ல? அதை ஏன் எழுதல?]

எழுதாததற்குக் காரணம், அதை எழுதினால் என் கதை சிக்கலாகிவிடும். அவள் முடியாது என்றதும் அவர் சொன்னது இது:

"முன்னாடியெல்லாம் நெஜமாவே ஆள அனுப்பியிருக்கேன்மா. வாடிக்கையாளர் கேட்டாருன்னு ஒருத்தர அனுப்பினேன். ரெண்டு பொண்ணுங்க அவருக்கு. தப்பு அவர் பண்ணல, எனக்கே தெரியும். கிளம்பும்போது என் கையப் பிடிச்சு நன்றி சார்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம்தான் தம்பி வந்தான். அவன் வந்ததுலேருந்து இந்த மாடியிலேருந்து ஒருத்தரையும் நான் அனுப்பினதில்ல. நீ அவனக் கொன்னுட்டா, அடுத்த தடவ யாரை அனுப்பறது? சொல்லு."

  நான் எட்டு நாள் இந்தப் பத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்தப் பொய் எட்டுக் குடும்பத்துக்குக் கூரையாக இருந்தது. அதே சமயம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல மனுஷி அதை நம்பி அழுதுகொண்டிருந்தார். இரண்டும் உண்மை.

சமாதானத்தைவிடக் கஷ்டமான ஆள் இன்னொருவர். நாத்தனாருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரும் பெண். எட்டு மாதக் கர்ப்பிணி.

"அக்கா, ஒப்பந்தம் முடியற நேரம் இது," என்றாள் அவள். "நீங்க இதைச் சொன்னீங்கன்னா அவங்க நம்மள விட்டுடுவாங்க. எனக்கு லீவு வரைக்குமாவது இந்த வேலை இருக்கணும்க்கா. எங்க வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்ல. நீங்க பெரிய மனசு பண்ணிச் சும்மா இருங்களேன்."

இது மெலோடிராமா என்று தெரியும். கதையில் கர்ப்பிணியைக் கொண்டுவந்து நிறுத்துவது பழைய தந்திரம். எடுத்துவிடலாமா என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

[நாத்தனார்: அவ நெஜமா இருக்கா. உங்க கதைக்கு வசதியா இல்லன்னு அவள எப்படி எடுப்பீங்க?]

8

ஆக நாத்தனாருக்கு முன்னால் இருந்தது இதுதான். சும்மா இருந்தால் எட்டுப் பேருக்கும் வேலை இருக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தைப் பற்றி அவள் கேட்டது அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. தவறு ஓர் ஆளுடையது, அந்த ஆள் போயாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் நம்பிக்கொண்டே இருப்பார்கள். பதினைந்து நிமிடத்திலும் கதவுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முடிவாக நான் எழுதிப் பார்த்தவை:

முதலாவது. அவள் சொல்கிறாள். அந்தப் பெண் நெகிழ்ந்துபோய் ஒப்பந்தத்தை இரண்டு மடங்காக்குகிறார். கர்ப்பிணிக்கு ஆண் குழந்தை. [நாத்தனார்: சீ.]

இரண்டாவது. ஐந்து நிமிடத்தால் அடுத்த வீட்டுக்குச் சீக்கிரமாகப் போன நர்ஸ், அங்கே மயங்கிக் கிடந்த ஒருவரைக் காப்பாற்றுகிறார். தவறே ஓர் உயிரைக் காத்தது. போனில் சொன்னபோது பத்திரிகை ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடித்தது. "மனசைத் தொடுது" என்றார். [நாத்தனார்: யாரும் காப்பாத்தப்படல. ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அவங்களை மறைக்கறதுக்கு இன்னொருத்தர மயக்கம் போட வைக்காதீங்க, அண்ணி. இதுக்கு எங்க சமாதானமே தேவலாம்.]

அவள் கோபமாக எழுதிய குறிப்பு இது ஒன்றுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஆசிரியருக்கு மனசைத் தொட வேண்டும் என்றால் தன் கையால் தொட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது. அவள் சொல்கிறாள், ஒப்பந்தம் போகிறது, எட்டுப் பேரும் மாடிப்படியில் அட்டைப்பெட்டியோடு இறங்குகிறார்கள். மழை வேறு...

இதற்கு அவள் குறிப்பே எழுதவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

9

இப்படிப்பட்ட கதைகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்வார்கள். "வாசகரே, முடிவு உங்கள் கையில்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். எனக்கும் ஆசைதான். வேலை மிச்சம்.

செய்ய மாட்டேன். தான் செய்ய வேண்டிய வேலையைத் தூரத்தில் இருக்கும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, விவரமும் சொல்லாமல், கேள்வியும் கேட்கவிடாமல், பிசகினால் பழியையும் அவர் மேல் போடும் ஏற்பாட்டைப் பற்றித்தான் இத்தனை நேரம் எரிச்சலோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அதையே நான் உங்களுக்குச் செய்வதா? நீங்கள் படிக்க வந்தவர். முடிவை எழுதுவது என் வேலை. எழுதுகிறேன். நன்றாக இல்லை என்றால் என்னைத் திட்டுங்கள். இங்கே தம்பி யாரும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்பதை. எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் அதை வைத்து அவளை அளப்பீர்கள். ஒப்பந்தம் நிலைத்திருந்தால் அவள் கெட்டிக்காரி, போயிருந்தால் வறட்டுப் பிடிவாதக்காரி என்று ஆகிவிடும். அன்று அந்த அறைக்குள் போகும்போது அவளுக்கு அது தெரியாது. தெரியாமல்தான் போனாள். நீங்களும் தெரியாமலேயே வாருங்கள்.

10

சின்ன அறை. நீள மேஜை, சுவரில் திரை, கதவுக்கு வெளியே மெத்தைகளின் பிளாஸ்டிக் வாசனை. நாத்தனார் கேமராவுக்கு நேராக உட்கார்ந்தாள். சமாதானம் கேமராவில் படாத ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கர்ப்பிணிப் பெண் தன் நாற்காலியில் இருந்தபடியே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்தப் பெண் வந்தார். நாத்தனார் நினைத்திருந்ததைவிட வயது குறைவு. (அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். அவள் எனக்குச் சொன்ன மாதிரியே தருகிறேன்.)

"அவர் வந்திருக்காரா?"

"அப்படி ஒருத்தர் இல்லைங்க. எப்பவுமே இருந்ததில்ல. யாருக்கும் வேலை போகல. உங்க ஸ்பெக்ல இருந்தத அப்படியே எழுதினது நான்."

சமாதானத்தின் கை மேஜை மேல் கணினியை நோக்கிப் போனது. ஒரு விசையைத் தட்டினால் போதும், இணைப்புப் போய்விட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். நாத்தனார் அந்தக் கையைப் பார்த்தாள். கை நின்றது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில், கேமராவுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொய்யச் சொன்னது நான்," என்றார். அந்தக் குரலில் அன்று தாலாட்டு இல்லை என்று நாத்தனார் சொன்னாள்.

திரையில் இருந்த பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு வாரமா நான் சாப்பிடல, தூங்கல. இல்லாத ஒருத்தருக்காக அழுதிருக்கேன். என்னை என்னன்னு நெனைச்சீங்க?"

"கோபப்படுங்க. நியாயம்தான்," என்றாள் நாத்தனார்.  மன்னிப்புக் கேட்கவில்லை. "ஆனா அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு கேள்வி இருக்கு. நீங்க ஸ்பெக் அனுப்பின அன்னைக்கே கேட்டிருக்க வேண்டியது. உங்களுக்கு வந்து சேரல. கேக்கட்டுமா?"

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"மணியடிச்சதும் எழுந்து வர முடியாதவங்கள என்ன செய்யணும்? அஞ்சு நிமிஷம்னு இருந்தத பதினஞ்சாக்கிட்டோம். பதினாறாவது நிமிஷம் கதவுக்கு வர்றவங்கள என்ன செய்யணும்? வாசல்ல நிக்கறது நர்ஸ். போகலாமா, நிக்கலாமான்னு அவங்க ஏன் முடிவு பண்ணக் கூடாது? அந்த ஊர்ல கதவுங்க எப்படி இருக்கும், ஆளுங்க எந்த அறையில படுத்திருப்பாங்க, ஒண்ணுமே எங்களுக்குத் தெரியாது. நாங்க பாத்ததில்ல. கேக்கவும் கேக்கல. இப்ப கேக்கறேன்."

திரை உறைந்துவிட்டதோ என்று சமாதானம் நினைத்தாராம். உறையவில்லை. அந்தப் பெண் மேஜையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க, எழுதிக்கறேன்," என்றார். "மொதல்லேருந்து சொல்லுங்க."

நாத்தனார் முதலிலிருந்து சொன்னாள்.